மிளகாயை விரட்டிய வீடு

மிளகை வெறும் சட்டியில் போட்டு வறுக்கும்போது முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்து ஒன்றிரண்டு 'டப்'பென்று வெடித்து எகிறும், அந்த நெடி மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும், கண்ணில் தண்ணீர் கட்டும், ஆனால் எரியாது. இருங்காட்டுக்கோட்டையில் ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வரிசையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மற்ற ஐந்து வீடுகளிலும் காய்ந்த மிளகாய் தாளிக்கிற கமறல் கிளம்பும், எங்கள் வீட்டிலிருந்து மட்டும் இந்த மிளகு நெடி வரும். எனக்குப் பத்து வயதில் ஆரம்பித்து இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்குள் மிளகாய் என்கிற வஸ்துவே நுழையவில்லை. அப்பாவின் வயிற்றுக்காக அம்மா அதை விரட்டியிருந்தாள்.

அப்பா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் முழுக்கத் தலைக்கு மேல் கையைத் தூக்கி போல்ட் முடுக்குகிற வேலை. சைக்கிளில் என்னை ஒற்றைக் கையால் தூக்கி உட்காரவைத்த மனுஷன், கொஞ்ச நாளில் சட்டை மாட்டுவதற்கே பல்லைக் கடித்தார். அந்தத் தோள் வலிக்கு சுங்குவார்சத்திரம் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். அவர் மட்டுமில்லை, லைனில் பாதிப் பேர் அப்படித்தான். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பெட்ரோல்'. "பெட்ரோல் போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்களாம்.

அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து, வெறும் வயிற்றில் டீயோடு அதை விழுங்குவார். ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன். அப்பா திடுக்கிட்டு, பிறகு சிரித்து, என்னைக் கிட்டே கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லிடாத, இன்னா? தோளு போச்சுன்னு தெரிஞ்சா வேலைய வுடச் சொல்லுவா. பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வர்ற நேரம்."

மாத்திரை தீர்ந்த அட்டையை வீட்டில் போட்டால் அம்மா கண்ணில் படும். அதனால் அது என் காம்பஸ் பெட்டிக்குள் வந்துவிடும். நான் அதைப் பள்ளிக்கூடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. எங்கள் வகுப்பில் வேறு எவளையும் நம்பி அவள் அப்பா ஒரு ரகசியத்தை ஒப்படைத்ததில்லை என்று மிதப்பாகத் திரிந்தேன், நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்புறம் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. சாப்பிட்டால் ஒரு வலி, சாப்பிடாவிட்டால் வேறு ஒரு வலி. மூன்று பேருமாகச் சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர்தான் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை செய்ய உடம்பு 'பிட்' என்று சர்டிபிகேட் எழுதித் தருகிறவரும். அவர் அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வலி மாத்திரை ஏதாவது போடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "அதெல்லாம் இல்ல சார்" என்றார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெட்டிக்குள் அன்றைக்கும் ஓர் அட்டை இருந்தது. டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்து, மிளகாயையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

அம்மா குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். ஆனால் அப்பா காரம் இல்லாமல் ஒரு கவளம் இறக்கமாட்டார். முதல் நாள் வைத்த பாசிப்பருப்புக் கூட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, யாருக்குனா பிரசவம் ஆயிருக்குதா வூட்ல?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில்தான் அவள் அந்தச் சமையலைப் பிடித்தாள்.

துவரம்பருப்பு போய்ப் பாசிப்பருப்பு வந்தது. புளி பாதியாகி, மீதிப் புளிப்புக்குத் தோலும் விதையும் எடுத்த தக்காளி வந்தது. இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, சாற்றைக் கொஞ்ச நேரம் தெளியவைத்து, அடியில் தங்குகிற வெள்ளையை விட்டுவிட்டு மேல் சாற்றை மட்டும் எடுப்பாள். பூண்டை நல்லெண்ணெயில் குழைகிறவரை வதக்குவாள். மிளகை முன்னாலேயே சேர்த்துக் கொதிக்கவிடமாட்டாள்; வறுத்து இடித்து வைத்துக்கொண்டு, சட்டியை இறக்கிய பிறகு தூவி மூடிவிடுவாள். "மொளகாக் காரம் வவுத்துல குந்திகினு அழும், மொளகுக் காரம் தொண்டையோட சண்ட போட்டுட்டு பூடும்" என்பது அவளுடைய கணக்கு. சுரைக்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு எல்லாம் இந்த மிளகில் புரண்டுதான் தட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வாங்கினால் அதற்கும் மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும்தான். இதற்கெல்லாம் ராஜா மணத்தக்காளி வற்றல் குழம்பு. கருக்க வறுத்த வற்றலும் இறக்கித் தூவிய மிளகுமாக, குழம்பு தார் மாதிரி கருப்பாக நிற்கும். வயிற்றுப் புண்ணுக்கு மணத்தக்காளியை மிஞ்சி ஒன்றுமில்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், வாரத்தில் நாலு நாள் அதுதான்.

அப்பா தோற்றுப்போனார். "தொண்டைல சுருக்குங்குது, வவுத்துல ஒண்ணியும் தெரியலியே" என்று மறுசோறு கேட்டார். வலி அடங்கியது, முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் பக்குவம் கேட்டுப் போனார்கள், அம்மா அந்த நாட்களில் நடந்த நடையே வேறு. நல்ல சமையல்தான். இதில் பாவம் என்னவென்றால், வயிறு அடங்கிய தைரியத்தில் அப்பா காலையில் ஒன்று போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஆக்கிக்கொண்டார். என் பெட்டிக்கு அட்டைகள் அடிக்கடி வந்தன. மாத்திரை நோயைத் தீர்க்கும், மிளகாய் வயிற்றைக் கெடுக்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

இரண்டாவது வருடக் கடைசியில், வெளிக்குப் போனால் கருப்பாகப் போகிறது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். வாரம் முழுக்கக் கருப்புக் குழம்பு தின்றால் வெள்ளையாகவா போகும் என்றாள். அப்பாவும் சிரித்தார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. நானும் அதே குழம்பைத்தான் தின்றுகொண்டிருந்தேன், எனக்கு அப்படிப் போகவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்தது. அம்மா முருங்கைக்கீரையையும் பீட்ரூட்டையும் கூட்டினாள், மணத்தக்காளியை விடவில்லை. ஒரு நாள் மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தபோதே வாந்தி எடுத்து விழுந்தார். காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டிய மாதிரி இருந்ததாம், டீக்கடைக்காரர் வந்து சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எத்தனை நாளாகக் கருப்பாகப் போகிறது என்று ஒரு டாக்டர் அம்மாவைக் கேட்டார். "மூணு மாசமா சார், வத்தக் கொழம்பு சாப்புடுவாரு, அதான்னு இருந்துட்டோம்" என்றாள் அம்மா. அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். குடலில் இத்தனை நாளாக ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்று சொன்னார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

குன்றத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், அத்தனை ஜனத்துக்கும் நடுவில் வைத்துச் சொன்னாள்: "தெனம் அந்தக் கருப்ப ஊத்தி ஊத்தியே என் தம்பிய முடிச்சிட்டா." துக்கத்தில் சொன்ன சொல், அவளே அடுத்த வாரம் மறந்திருப்பாள். அம்மா மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சோற்றில் குழம்பு ஊற்றியதில்லை. எனக்கு எல்லாம் சமைத்துப் போடுவாள், மிளகாய் திரும்ப வீட்டுக்குள் வந்தது, அவள் தட்டில் மட்டும் கஞ்சியும் உப்பும்.

எனக்கு இருபத்தோரு வயது நடந்தபோது, நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து ஒரு நர்ஸ் பேசினார். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும், ரத்தம் கசியும், வெளிக்குத் தார் மாதிரி போகும் என்றார். பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் குழம்பு இல்லை அம்மா என்று ஒரு வரி சொன்னால் அவளுக்கு விடுதலை. ஆனால் அடுத்த வரியாக என் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும். பயந்தேன். எட்டு வருடம் பயந்தேன். அவள் கஞ்சி குடிப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே நான் வக்கணையாகத் தின்றேன்.

இப்போது நாங்கள் குன்றத்தூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கும் ஷிப்ட் வேலை, அவருக்கும் போன மாதம் வயிறு எரிந்தது. செல்போனில் வயிற்றுக்கு இதமான காரச் சமையல் என்று யாரோ சிரித்துச் சிரித்துச் செய்து காட்டிய ஒரு வீடியோவை அம்மாவிடம் நீட்டி, "அத்த, இந்த மாதிரி உங்களுக்கு நல்லா வரும்னு இவ சொல்லுவா, செஞ்சு தாங்களேன்" என்று கேட்டார். அம்மா செல்போனைக் கையில்கூட வாங்கவில்லை.

"என் கையால வேணாம் மாப்ள. ஒருத்தர அனுப்பி வெச்சது போதும்."

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. முதல் வேலையாக அவருடைய பையை உதறி மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டை, பெட்டி, பள்ளிக்கூடத்துக் குப்பைத்தொட்டி, நர்ஸ் என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா அந்த அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கிளினிக்குல அந்த டாக்டரு கேட்டப்போ, நீ என் புடவையப் புடிச்சிகினுதானடி நின்ன?" என்றாள்.

ஆமாம் என்றேன். நீ அப்போது குழந்தைதானே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அந்த ஆறு வீட்டு வரிசை இன்று இல்லை, இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள், லாரிகள் பின்வாங்கித் திரும்பும் இடமாக இருக்கிறது. கிளினிக் இருந்த மாடியில் செல்போன் கடை. அப்பாவோடு லைனில் நின்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், அவர் பெயர் எந்த லிஸ்டிலும் வரவில்லை. சொன்ன மறுநாளே அம்மா பாசிப்பருப்பும் மிளகும் வாங்கிவரச் சொல்லி மாப்பிள்ளையிடம் சீட்டு கொடுத்தாள். தினமும் சமைக்கிறாள், அவரும் மாத்திரையை விட்டுவிட்டார், வயிறு தேறிவருகிறது. பதினேழு வருடம் கழித்து அம்மா தன் சோற்றில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறாள். எனக்கும் தட்டு வைக்கிறாள். என்னோடு பேசி இன்றைக்கு இருபத்திரண்டு நாள் ஆகிறது.