உறையிலிருந்து நான் எடுத்த விண்ணப்பம்

ஒரு பெண்ணின் பரீட்சை விண்ணப்பத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. அது வழியில் தொலைந்துவிட்டதாக அவரை நம்பவும் விட்டேன். மறதியால் நடந்ததல்ல. வெள்ளவத்தைத் தபாற்கந்தோரில், பன்னிரண்டு விண்ணப்பங்கள் இருந்த உறையைத் திறந்து, அவருடையதை மட்டும் தேடி எடுத்து என் தோற்பைக்குள் வைத்தேன். மிச்சம் பதினொன்றையும் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டு, எதிரே இருந்த கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். ருசித்துக் குடித்தேன்.

நான் கணித ஆசிரியர். எங்கள் பெரிய பாடசாலைகளில் ஒரு வழக்கம் இருந்தது. சித்தியடைய மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு விடாமல் தடுத்துவிடுவோம். எழுதினவர்கள் எல்லாரும் சித்தி, நூற்றுக்கு நூறு என்று மதிலில் பேனர் தொங்கும். அந்தக் கெட்டித்தனத்தை ஓய்வுபெற்ற பிறகும் கூடவே கொண்டுவந்தேன்.

கடற்பக்கம் போகும் ஒழுங்கையில் உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில், பழைய மாணவர் சங்கத்தார் வளர்ந்தவர்களுக்காக மாலை வகுப்பு நடத்தினார்கள். இடையில் படிப்பை விட்டவர்கள், பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை எழுதுவதற்கான இலவச வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட, நாற்பது வயதுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காற்று திரும்பினால் மூத்திரக்கூடத்து நாற்றம் வரும். நான் கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு படிப்பிப்பேன்.

அந்தப் பெண் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். பொரளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நாட்சம்பளத்துக்குத் துப்புரவு வேலை. நாற்பத்தைந்து வயதுக்குள் கணிதத்தோடு சாதாரண தரம் சித்தியடைந்தால் வேலை நிரந்தரமாகும், ஓய்வூதியமும் உண்டு. அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு பரீட்சை. இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

மற்ற எல்லாரையும் 'நீங்கள்' என்ற நான் அவரை 'நீ' என்றேன். அவருடைய தேயிலைத்தோட்டத்துத் தமிழ் எனக்கு இளக்காரம். கையில் எப்போதும் கழிவறை கழுவும் மருந்தின் மணம். அவருடைய கொப்பியை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத்தான் வாங்குவேன். அவர் அதைக் கவனித்தார். பிறகு கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டு வந்தார்.

ஒருநாள் பின்னக்கணக்கில் அவர் திணறியபோது பக்கத்தில் இருந்த ஓட்டோச் சாரதி சொன்னார்: "அக்கா, ஒரு ரொட்டிய நாலாப் பிய்க்கிறமாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ."

"ஒரு ரொட்டிய ஏழு பேருக்குப் பிச்சுக் குடுத்தவ தம்பி நான். கையில எல்லாம் வருது. இந்தத் தாளுக்கு வந்தாத்தான் தல சுத்துது."

வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகையைத் தட்டினேன்.

முதல் மாதிரிப் பரீட்சையில் அவர் எடுத்தது பதினொன்று. கடைசியில் முப்பத்தொன்று. இன்னும் நாலு புள்ளி எடுத்தால் சித்தி. பரீட்சைக்கோ மூன்று மாதம் இருந்தது. நாலு புள்ளியை ஏற்றத்தான் நான் அங்கே இருந்தேன். ஆனால் சங்கத்துச் செயலாளர், "மாஸ்டர், இந்தமுறையும் நூற்றுக்கு நூறுதானே? பேனருக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டார். "ஓம், சொல்லும்" என்றேன். அடுத்த நாள்தான் எல்லாருடைய விண்ணப்பங்களையும் சேர்த்து அனுப்பத் தபாற்கந்தோருக்குப் போனேன்.

எல்லாருக்கும் அனுமதி அட்டை வந்தது. அவருக்கு வரவில்லை. அரைநாள் சம்பளத்தை விட்டு, பரீட்சைக் கந்தோரில் வரிசையில் நின்று கேட்டுவிட்டு வகுப்புக்கு வந்தார்.

"சேர், அங்க வந்து சேரவே இல்லயாம். தபால்ல உறை பிரிஞ்சு என்னுது மட்டும் எங்கயோ விழுந்திருச்சு போல. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. நீங்க என்ன செய்வீங்க?"

"அரசாங்க அலுவல் எண்டால் அப்பிடித்தான்" என்றேன். அன்று அவர் எல்லாருக்கும் அவித்த கடலை கொண்டுவந்திருந்தார். அதையும் வாங்கித் தின்றேன்.

பதினொரு பேரும் சித்தி. பேனரில் என் முகம். விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினார். முடிந்ததும் கதிரைகளை அடுக்கி, யாரோ கொட்டிய சோடாவைத் துடைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை.

சில மாதம் கழித்து, தோற்பையில் வேறு ஏதோ தேடும்போது அந்த விண்ணப்பம் கையில் வந்தது. பாடங்களை அவரே எழுதியிருந்தார். கணிதம் என்ற சொல்லின் கீழே மட்டும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருந்தார். எனக்கு என்னையே தொடப் பிடிக்கவில்லை.

அப்போதும் அவரிடம் போகத் துணிவில்லை. முதலில் அவருடைய கந்தோருக்குப் போய், நிர்வாக அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, வயதில் ஒரு வருடம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அதிகாரி சிங்களத்தில் சொன்னார்: "சுற்றுநிருபத்தை நான் மாற்ற முடியாது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா?"

"இல்லை."

"அப்படியென்றால் இங்கே ஏன் வந்தீர்கள்?"

அந்தக் கேள்வியோடு கொட்டாஞ்சேனையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். விண்ணப்பத்தை நீட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறையாக 'நீங்கள்' என்று சொல்லிக் கதைத்தேன். அது எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். அழவில்லை, ஏசவில்லை.

"நான் பெயிலாகியிருந்தா என் பெயில் சேர் அது. அதயுமா எடுத்துக்கிட்டீங்க?"

வீட்டுக்கே வந்து படிப்பிக்கிறேன் என்றேன்.

"வேணாம். புது விண்ணப்பப் பாரம் இருக்கா?"

கொண்டுபோயிருந்தேன். வாசற்படியில் இருந்து அவரே நிரப்பி உறையில் போட்டார். முத்திரை ஒட்டித் தருகிறேன் என்று உறைக்குக் கை நீட்டினேன். அவர் அதை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"நானே போடுறேன்."

சங்கத்தாரிடமும் சொன்னேன். செயலாளர் கதவைச் சாத்திவிட்டு, "மாஸ்டர், இதை வெளியில கதைக்காதேங்கோ, வகுப்புக்குத்தான் கெட்ட பேர்" என்றார். என்னை வகுப்பிலிருந்து நிற்பாட்டவும் இல்லை. நானாக நின்றுவிட்டேன். பேனர் மழையில் கிழியும்வரை மதிலில் தொங்கியது.

அடுத்த வருடம் பெறுபேறு வந்த கிழமையில் அவர் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். மாளிகாவத்தையில் வேறொரு மாலை வகுப்பில் படித்தாராம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பெறுபேற்றுத் தாளைப் படலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரித்துப் பிடித்தார். வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன். அவர் தாளைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார்.

"அங்க இருந்தே படிங்க சேர்."

ஆறு பாடம் சித்தி. கணிதத்தில் திறமைச் சித்தி, ஐம்பது புள்ளிக்கு மேல்.

"வேலை?" என்று கேட்டேன்.

"வயசு போயிருச்சே. நாட்சம்பளந்தான்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "பஸ் வந்துரும்" என்று சொல்லிவிட்டு, பொரளைக்கு வேலைக்குப் போனார்.