மைக்காரர் கடித்த மாத்திரை

அந்தப் பேருந்து நிலையத்தில் மைக்காரர் என்றால் ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கண்டக்டர்கள், டீக்கடைக்காரர், கழிப்பறை வாசலில் காசு வாங்கும் அம்மாள், சண்டை வந்த நாட்களில் மனைவி, எல்லோருக்கும் அவர் மைக்காரர்தான். மாடிப்படிக்கு அடியில் செருகி வைத்தாற்போல் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து, "பதினேழாம் எண் வண்டி ஆறாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று அவர் சொன்னால், டிரைவரே இன்னும் ஏறாத வண்டியைப் பார்த்து ஊரே ஓடும். அப்படி நம்ப வைக்கிற குரல்.

சில மாதங்களாக அந்தக் குரல் கரகரத்தது. காலையில் பரவாயில்லை. மதியத்தில் மணலைக் கொட்டியதுபோல் ஆகும். சாயங்காலம் எண்ணெய் காணாத கதவுக் கீல். பயணிகள் பதினேழு என்றதைப் புரிந்துகொள்ளாமல் எந்த வண்டியிலோ ஏறிவிட்டு, இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டித் திட்டினார்கள். திட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது.

காரணம் தொண்டை இல்லை, வயிறு. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் அவசரமாக நாலு வாய் சாப்பாடு, பசியை ஏமாற்ற டீக்கு மேல் டீ, வீட்டுக்குப் போனதும் தட்டைக் காலி செய்துவிட்டு அப்படியே கட்டிலில் சாய்வது. நெஞ்சு எரிந்தது. புளித்த நீர் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தெருமுனை டாக்டர் ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்து, "காலையில வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி" என்றார். வெளியே படிக்கட்டு வரை ஆட்கள் காத்திருந்ததால் அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். இவரும் வேலைக்கு நேரமாகிவிட்டதால் காதில் வாங்காமல் தலையாட்டினார். அவசரக்காரர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் நிலைய மேலாளர் அவரைக் கூப்பிட்டார். "கரகரன்னு ஒண்ணும் புரியலைன்னு ஒரே புகார். பதிவு பண்ணின குரல்ல தானாப் பேசற மெஷின் வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள உங்க குரல் சரியாகலைன்னா அதைப் போட்டுடறேன். உங்களை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாத்திடலாம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காதீர்கள் என்று முடிகிற ஒரு பேச்சைச் சரியாக நினைப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. வண்டி நிறுத்துமிடம் என்றால் நாள் முழுக்க வெயிலில் நின்று டோக்கன் கிழிக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தாலே முழங்கால் முனகுகிற வயது. பேசுவதைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதருக்குப் பேச்சும் போய்விட்டால் மிச்சம் என்ன?

அதனால் மருந்தை அவர் மிகுந்த பொறுப்போடு சாப்பிட்டார். அங்கேதான் வினை. எரிவது தொண்டை. முழுசாக விழுங்கினால் மாத்திரை தொண்டையில் நிற்காமல் நேரே வயிற்றுக்கு ஓடிவிடுகிறது. முப்பது வருஷம் வண்டிகளை அறிவித்தவருக்கு இது பொறுக்கவில்லை. கேப்ஸ்யூலை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொடி உருண்டைகளை நாக்கில் கொட்டி, நறநறவென்று கடித்து, எச்சிலோடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். வெறும் வயிறாவது, அரை மணியாவது. எப்போது தொண்டை எரிகிறதோ அப்போது.

"என்ன அண்ணே, மருந்தைப் போய் மிட்டாய் மாதிரி கடிக்கிறீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டா நடுவுல எப்படிப்பா இறங்கும்? அதான் டவுன் பஸ்ல அனுப்பறேன்."

டீக்கடைக்காரருக்கு அது நியாயமாகவே பட்டது. இன்னொரு டீயை நீட்டினார்.

எரிச்சல் குறையவில்லை. டாக்டர் பவரைக் கூட்டினார். இவர் கூட்டிய பவரைக் கடித்தார். டாக்டர் காலை ஒன்று, மாலை ஒன்று என்றார். இவர் இரண்டையும் கடித்தார். மருந்துக் கடைக்கு நல்ல காலம்; மற்ற யாருக்கும் இல்லை.

மூன்றாம் முறை போனபோது மனைவியும் கூட வந்தாள். நகலெடுக்கும் கடையில் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிறவள். புருஷனுக்கு நோயைச் சொல்லக் குரல் இல்லாததால் பேச்சாளராக அழைத்து வரப்பட்டிருந்தாள்.

"இன்னுமா குறையல? பவர் கூட்டித்தானே குடுத்தேன்?" டாக்டர் அலுப்போடு மறுபடி பேனாவை எடுத்தார்.

"அது கெடக்கட்டும் டாக்டர். கசப்பு இல்லாததா ஒண்ணு எழுதிக் குடுங்க. கடிக்கும்போது இவர் மூஞ்சி போற போக்கைப் பாக்கச் சகிக்கல."

பேனா நின்றது. "கடிக்கும்போதா?"

மைக்காரர் டவுன் பஸ் விஷயத்தைக் கிசுகிசுப்பாக விளக்கினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஐயா, அந்த உருண்டை ஒவ்வொண்ணு மேலயும் பூச்சு இருக்கு. வயித்து அமிலத்துல கரையாம குடல் வரைக்கும் போகணும்னுதான் அந்தப் பூச்சே. அங்க கரைஞ்சு, ரத்தத்துல கலந்து, அப்புறம்தான் அமிலம் ஊறறதைக் குறைக்கும். நீங்க பூச்சைப் பல்லால உடைச்சு அனுப்பறீங்க. வயித்துல இறங்கின உடனே அமிலம் அதைக் கெடுத்துடுது."

"அப்ப தொண்டைக்கு?"

"தொண்டையில அதுக்கு ஒரு வேலையும் இல்ல. கீழ ஊறறது குறைஞ்சா மேல வர்றதும் குறையும்."

டாக்டர் தன் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "எப்படி முழுங்கறீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும். கேக்காம பவரைக் கூட்டிட்டே போயிருக்கேன்" என்றார். அவர் குரலும் அன்று தேய்ந்துதான் இருந்தது.

பவரைப் பழையபடி குறைத்தார். ஒரு வேளை மட்டும்; முழுசாக, தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். எரியும்போது கூடுதலாக ஒன்று போடுவது கூடாது. சீட்டு முடிந்ததும் கடையில் தானாக வாங்கிக்கொண்டே போகாமல் வந்து காட்ட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். முழங்காலுக்கு அவ்வப்போது உண்டு என்றதும் அதை நிறுத்தச் சொன்னார். விழுங்கச் சிரமப்பட்டாலோ, உடம்பு இளைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே வரச் சொன்னார். குரல் இவ்வளவு நாள் கம்மியிருப்பதால் தொண்டை டாக்டரையும் பார்க்கச் சொன்னார். "அதுவரைக்கும் மைக் வேண்டாம். கிசுகிசுக்கவும் கூடாது. பேசாம இருக்க முடியுமா?"

"வீட்ல இவர் பேசியே வருஷக்கணக்காச்சு டாக்டர்" என்றாள் மனைவி.

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் மைக்காரர். லீவு போட்டால் மெஷின் வந்துவிடும். போடாவிட்டால் தொண்டை போய்விடும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரி செய்தாள்.

"இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டு மாசக் கடைசியில மட்டும் என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போறீங்க? லீவைப் போடுங்க."

போட்டார். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, கட்டி எதுவும் இல்லை, அமிலம் பட்ட வீக்கம்தான் என்றார். மைக்காரர் வீட்டில் ஊமையாக உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் கேப்ஸ்யூலை முழுசாக விழுங்கிவிட்டு, எதிரே தட்டையும் சுவரில் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேருந்துக்காகக் காத்திருக்கிறவர்கள் எவ்வளவு பாவப்பட்ட ஜென்மங்கள் என்பது முதல் தடவையாக உறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு எரிவது அடங்கியது.

வேலைக்குத் திரும்பியபோது குரல் வந்திருந்தது. பழைய குரல் இல்லை. அதற்குத் தம்பி என்று சொல்லலாம். மெஷினும் வந்திருந்தது. ஒரு பெண் குரல், கல்யாணச் சேதி சொல்வதுபோல் எல்லா வண்டிகளையும் அறிவித்துக்கொண்டிருந்தது. மைக்காரர் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகத் தயாராகவே மேலாளர் முன்னால் நின்றார்.

"நல்லவேளை வந்தீங்க" என்றார் மேலாளர். "மெஷின்ல ஒரு சிக்கல். வண்டி வரும்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லத் தெரியுது. வராதுன்னு சொல்ல ஆள் வேணும்."

ஆக, மைக் அவரிடமே இருக்கிறது. தாமதம், ரத்து, கடைசி நேரத்தில் நடைமேடை மாற்றம், இவை மட்டும் அவர் பங்கு. அந்த நிலையத்தில் அதற்கே தொண்டை காய்ந்துவிடும். சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டதுமே பெஞ்சுகளில் பெருமூச்சு கிளம்புகிறது. டாக்டர் மறுபடி பார்த்து, மருந்தைக் குறைத்து நிறுத்துகிற வழியைச் சொல்லியிருக்கிறார். இவரும் ராத்திரிச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார். வேலையின் அலுப்பு மட்டும் அப்படியே. அதற்கு எந்த டாக்டரும் சீட்டு எழுதவில்லை.

போன வாரம் ஒரு பயணி, இரண்டு கைகளிலும் மூட்டையோடு வந்து, முழங்கையால் கண்ணாடியைத் தட்டினார். "ஏன் சார், நீங்க வாயைத் திறந்தாலே வண்டி வரமாட்டேங்குதே. கொஞ்ச நாள் சும்மாதான் இருந்து பாருங்களேன்."

"இருந்து பாத்துட்டேங்க" என்றார் மைக்காரர். "அப்பவும் வரல."