வடக்குச் சுவரின் எஸ்டிமேட்

எங்கள் வீட்டுக்கு நான்கு பக்கம். பெயிண்ட் அடித்தது மூன்று பக்கத்துக்குத்தான். வீடு கட்டி முடித்தபோது கையிலிருந்த காசு, வாசல் இருக்கிற கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு என்று சுற்றிவந்து, வடக்கே திரும்புகிற மூலையில் சரியாகத் தீர்ந்துபோனது. வடக்குச் சுவர் வெறும் சிமென்ட் பூச்சோடு சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் மனையின் விளிம்பிலேயே சுவரை எழுப்பிவிட்டதால், அதைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுச் சந்துக்குள் போய்த்தான் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு நான் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் ஆறு வருடம் அந்த வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அக்கா என்பேன். அவள் என்னை ஏட்டி என்பாள். நான் ஆபீஸ் போனால் என் மகளுக்குச் சோறு ஊட்டுவதும், தலை பின்னுவதும், அடிப்பதும் அவள்தான். பக்கத்து மனை விலைக்கு வருகிறது என்று முதலில் வந்து சொன்னதும் அவள்தான். "விட்டுராத ஏட்டி, பக்கத்துலயே இருந்துக்கிடலாம்" என்றாள். வாங்கினோம், கட்டினோம், பால்காய்ப்பு வைத்தோம்.

பால்காய்ப்பு அன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அக்கா என் காதோரம் வந்து, "ஏட்டி, எங்க பக்கத்துச் சுவத்துக்கும் ஒரு கை பெயிண்ட் அடிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பாயசம் எல்லோருக்கும் காணுமோ காணாதோ என்ற கவலையில் இருந்தேன் நான். "அங்கன யாரு பாக்கப் போறா?" என்றேன். காதோரம் கேட்டவளுக்குப் பந்திக்கே கேட்கும்படி பதில் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா இலையில் உட்காராமலே வீட்டுக்குப் போய்விட்டாள். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

நான் சொந்த வீடு கட்டிவிட்டேன் என்று அவளுக்குப் பொறாமை என முடிவு கட்டினேன். ஆபீஸிலும், பால் வாங்குகிற இடத்திலும், கோயில் பிராகாரத்திலும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பேசவில்லையே தவிர, அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியும். என்றைக்குக் கருவாடு, என்றைக்கு விரதம் என்று வாடையே சொல்லிவிடும். குப்பை வண்டி வந்தால் அவள் கொட்டிவிட்டுப் போகும்வரை நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். சில நாள் அவளும் நான் போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவாள். அந்த நாட்களில் இரண்டு வீட்டுக் குப்பையும் மறுநாள்வரை வீட்டிலேயே கிடக்கும்.

இப்படியே காலம் போயிருக்கும். மழைதான் கெடுத்தது. நாலைந்து வருடமாக ஐப்பசி மழை அந்த வெறும் சுவரில் அடித்து வழிந்து வழிந்து, கீழ்த்தள வடக்கு அறைக்குள் ஈரம் இறங்கத் தொடங்கியது. உள்ளே சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. எந்த நோய்க்கும் ஊரில் பூசுகிற கோயில் புற்றுமண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தச் சுவரில் பூசிப் பார்த்துவிட்டோம். வேறொரு வருடமாக இருந்தால் பீரோவை அதன்மேல் சாத்தி மறைத்திருப்பேன். இந்த வருடம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், கார்த்திகையில் நாள். குளியலறையோடு சேர்ந்த அறை வீட்டில் அது ஒன்றுதான். "அந்த ரூம்ல ஈர வாடை அடிக்குமேம்மா, பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா?" என்று வீடியோ காலில் கேட்டாள். புரட்டாசி பிறந்திருந்தது. மழைக்கு முன்னால் வேலை முடிந்தாக வேண்டும்.

பெயிண்டர் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் வந்தார். டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல உள்ளறைச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். "சுவரு பூரா தண்ணி குடிச்சிருக்குக்கா" என்றார். வெளுத்துப்போன மற்ற மூன்று பக்கத்தையும் சேர்த்தே அடித்துவிடலாம் என்று டேப் பிடித்து அளந்து எஸ்டிமேட் எழுதினார். சுரண்ட, கழுவ, விரிசல் அடைக்க, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன், சாரம் என்று இறங்கிக்கொண்டே போய் எண்பத்தைந்தாயிரத்தில் நின்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜன்னலுக்கும் சேத்துச் சதுர அடி போட்டிருக்கீங்க. ஜன்னல்ல பெயிண்டா அடிக்கப் போறீங்க?"

"ஜன்னலைச் சுத்தி ஒழுகாம அடிக்கதுதானக்கா கஷ்டம். அதை நாங்க கழிக்க மாட்டோம். வேணும்னா ஜன்னலே இல்லாத சுவருக்கு வாங்க, கொறைச்சுத் தாரேன்."

அப்படிப்பட்ட சுவர் எங்கள் வீட்டில் ஒன்றுதான். வடக்கு. எஸ்டிமேட்டின் கடைசி வரியில் அது இருந்தது. 'வடக்குப் பக்கம்: சாரம் நிப்பாட்ட பக்கத்து வீட்டில் கேக்கணும்' என்று எழுதியிருந்தார். அதற்கு எதிரே தொகை எதுவும் போடவில்லை.

அந்த ஒரு வரிக்காக எண்பத்தைந்தாயிரத்தை மறந்துவிட்டேன். மாடியிலிருந்து கயிறு கட்டித் தொங்கி அடிக்க முடியாதா என்று பெயிண்டரிடம் கேட்டேன். "நான் ரெண்டு பிள்ளைக்காரன்க்கா" என்றார். "அப்படியே தொங்கினாலும் பிரஷ்ல இருந்து சொட்டுதது அவுக சந்துலதான விழும்? அதுக்கும் கேக்கணும்லா?"

அடுத்து என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். "நீங்க போயி அந்த வீட்டு அண்ணாச்சிகிட்டப் பேசுங்க. ஆம்பளையளுக்குள்ள முடிச்சுக்கிடுங்க."

"பேசிட்டேன்."

"எப்பம்?"

"இன்னிக்குக் காலைல. டீக்கடையில."

"அவருகிட்டப் பேசுவியளா?"

அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே, "தினமும்தான் பேசுதேன்" என்றார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பதினோரு வருடமாக இவரும் அக்காவின் வீட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் ஒருவர் முன்னாலும் ஒருவர் கால்மணி நேரம் கழித்தும் வந்திருக்கிறார்கள். நான் என்ன சண்டை போட்டிருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "வீட்டுல சரின்னா எனக்கும் சரிங்காரு" என்றார்.

கடைசியாகப் பெயிண்டரைத் தூது அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "சுவத்துக்காரியை வரச் சொல்லுன்னுட்டாகக்கா."

என் மேஜைக்கு முன்னால் ஒரு கையெழுத்துக்காக எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள். நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க என்று அலையவிட்டிருக்கிறேன். அன்றைக்கு என் முகத்தை அவர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்தது. தட்டில் பழம் வைத்துக்கொண்டு போனால் பத்திரிகை வைக்கப் போவதுபோல இருக்கும். கடைசியில் பெயிண்டர் கலர் பார்க்கக் கொடுத்திருந்த ஷேட் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அக்கா, "வாங்க" என்றாள். ஏட்டி என்றவள் வாங்க என்கிறாள். கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். "தண்ணி குடிக்கியளா?"

"வேண்டாம்க்கா. சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கணும். சாரம் ஒங்க சந்துலதான் நிக்கணும்."

"தாராளமா நிக்கட்டும். ஆனா கலரு நான் சொல்லுததுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீடு, என் சுவர், என் காசு, கலர் மட்டும் இவள் சொல்வாளா? நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். எழுந்தபின் ஈரவாடை அடிக்கிற அறையும் அதில் தொட்டிலும் ஞாபகம் வந்தன. மறுபடி உட்கார்ந்தேன்.

"இங்கன வந்து பாருங்க" என்று அவள் அடுக்களைக்குள் போனாள்.

பட்டப்பகல் பதினோரு மணிக்கு அடுக்களையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஜன்னல். ஜன்னல் முழுக்க என் சுவர். உள்ளே இருக்கிற கறையைத்தான் நான் பார்த்திருந்தேன். வெளியே அது அதைவிட அசிங்கமாக இருந்தது. மழை வழிந்த கறுப்புக் கோடுகள், பாசி, கொத்தனார் வழித்துவிட்டுப்போன சிமென்ட் கட்டிகள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாலும் வானம் தெரியவில்லை.

அங்கே நின்றபிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆறு வருடம் நானும் இதே ஜன்னலோரம் நின்று காப்பி குடித்திருக்கிறேன். அப்போது எதிரே வெறும் மனை, கருவேல முள், அதற்கு மேலே கோயில் கோபுரம். அக்கா காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் அந்தக் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் பாலை ஏற்றுவாள்.

"அக்கா, இங்கன கோபுரம் தெரியும்லா?"

"தெரிஞ்சிச்சு."

"ஏங்க்கா சொல்லல?"

அவள் தொட்டியில் கிடந்த ஒரு டம்ளரைக் கழுவத் தொடங்கினாள். "ஆசையா வீடு கட்டுதவகிட்டக் கோபுரம் மறைக்குன்னா சொல்லுவாக? பெயிண்டாவது அடின்னுதான் கேட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மனை விலைக்கு வருகிறது என்று சொன்னதே அவள்தான். எதிரே வீடு வந்தால் என்ன மறையும் என்பது அந்த ஜன்னலில் நின்றவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவளுக்குப் பொறாமை என்று சங்கரன்கோவில் முழுக்கச் சொல்லித் திரிந்த வாய்க்கு, 'மன்னிச்சிரு அக்கா' என்ற ஒரு வார்த்தை வரவில்லை. ஷேட் கார்டை நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

மறுநாள் சாரம் கட்டியாயிற்று. சுரண்டிக் கழுவி, விரிசலை அடைத்து, பிரைமரும் அடித்தாயிற்று. கலர் மட்டும் முடிவாகவில்லை. கார்டில் பிடித்தது சுவரில் பிடிக்கவில்லை. ஒரு முழ அகலத்துக்கு நீலம், ரோஸ், மஞ்சள் என்று மூன்று கலர் அடித்துக் காட்டச் சொன்னாள். காலையில் பிடித்த நீலம் மத்தியானம் கண்ணைக் குத்தியது. மத்தியானம் பிடித்த ரோஸ் சாயங்காலம் அழுகிய தக்காளி மாதிரி இருந்தது. நாலாவது நாள், "ஏம்ப்பா, பேசாம ஒரு கோபுரத்தை வரைஞ்சிரேன்" என்றாள். "கோபுரம் வரையுத ஆளு வேற, அவன் ரேட்டும் வேற, என்னைய விட்ருங்கக்கா" என்று பெயிண்டர் சாரத்தின் மேலிருந்தே கும்பிட்டார்.

நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு அதட்டல் வந்தது. "ஏட்டி, தள்ளி நில்லு. ஒன் தலை அந்த மஞ்சளை மறைக்கு பாரு."

தள்ளி நின்றேன். கண்ணில் நிறைந்த தண்ணீருக்குப் பிரைமர் நெடிதான் காரணம் என்று பெயிண்டரிடம் சொன்னேன். அவர் நம்பிக்கொண்டார்.

அந்த மஞ்சள்தான் முடிவானது. எலுமிச்சை மஞ்சள். பத்து மணி வெளிச்சம் அதில் பட்டால் அடுக்களைக்குள் டியூப் லைட் தேவையில்லை என்று அவள் அணைத்துக் காட்டினாள். மற்ற மூன்று பக்கமும் பிஸ்தா பச்சை. "மூணு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மட்டும் மஞ்சளா? பாக்கதுக்கு எப்படி இருக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். அங்கன யாரு பாக்கப் போறா என்று பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன்.

பெயிண்டர் கடைசி பில்லில் மூன்று கலர் மாதிரி அடித்ததற்கு ஆயிரத்து இருநூறு சேர்த்திருந்தார். எதற்கெடுத்தாலும் பேரம் பேசுகிற நான் அதைக் கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரர் எனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று பார்த்தார். மறுநாளிலிருந்து அவரும் அண்ணாச்சியும் டீக்கடையிலிருந்து ஒன்றாகவே நடந்து வந்தார்கள்.

ஐப்பசி பிறந்து பத்து நாள் ஒரு சொட்டு மழை இல்லை. பதினோராம் நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு ஒரேயடியாக ஊற்றியது. என் போன் அடித்தது. 'அக்கா' என்று மட்டும் பதிந்துவைத்திருந்த எண். இத்தனை வருடத்தில் எத்தனையோ போன் மாற்றியும் அந்த எண்ணை மட்டும் நான் அழிக்கவில்லை.

"ஏட்டி, மழை நேரா ஒன் சுவத்துலதான் அடிக்கு. உள்ள போயிப் பாரு."

ஓடிப் போய் வடக்கு அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன். கீழே தரையோரம் குனிந்தும் தடவினேன்.

"காஞ்சு கிடக்குக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன்."

"சரி. நீ உள்ள பாத்துக்க. வெளிய நான் பாத்துக்கிடுதேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.