மூன்றாவது பந்து ஏறக்கூடாது

காலை ஆறு பத்துக்குக் கண் விழித்தேன். முதலில் தெரிந்தவை ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் கிடந்த மூன்று நீலப் பந்துகள். பெட்டி அக்காவின் கட்டிலருகே மேசைமேல் இருந்தது. திருப்பதியில் ஒரு மருத்துவமனை. அக்காவுக்கு வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று எங்கள் ஊர் நகரியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அக்கா வேறு பேச்சே எடுக்கவில்லை.

பெட்டியின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் ஏறும். தையல் வலிக்கிறவர்கள் மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி கட்டிவிடும். அதை விரிக்கத்தான் இந்தப் பயிற்சி.

ஏழரைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். சித்தூர்க்காரி. வார்டில் மற்றவர்கள் உறிஞ்சச் சொன்னால் ஊதினார்கள். அக்கா ஊதவில்லை. ஒரே இழுப்பு, மூன்று பந்தும் டக்கென்று மேலே இடித்து, உடனே விழுந்தன.

“மூணும் ஏறிச்சி பாத்தியாடி? பாஸ்தானே?” என்று என்னைப் பார்த்தாள்.

“பெயிலும்மா,” என்றாள் அந்தப் பெண். “மூணாவது ஏறவே கூடாது. மெல்லகா இழுங்க. நான் மூணு எண்ணுற வரைக்கும் ரெண்டு மேலயே நிக்கணும். இன்னிக்கி நிக்கலன்னா நாளைக்கி டிஸ்சார்ஜ் இல்ல.”

அக்கா பத்து முறை இழுத்தாள். பத்தும் அப்படியே. ஒவ்வொரு முறையும் இழுத்த கையோடு அவள் முகம் இடப்பக்கம் திரும்பியது.

இருபது வருடம் விசைத்தறியில் அவள் செய்தது அதுதான். தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவில் நூல் மாற்றும்போது அதன் துளையில் வாய் வைத்து ஒரு உறிஞ்சு. நூல் நுனி வெளியே வரும், கூடவே பஞ்சும் வரும். அது தொண்டைக்குப் போகுமுன் வாயை எடுத்துவிட வேண்டும்.

“அக்கா, இதுல பஞ்சு வராது. எதுக்கு மூஞ்சத் திருப்பிக்கினே கீற?”

சிரித்தாள். உடனே தையலைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வெக்காதடி, பாவி.”

அடுத்த முறை வாயை எடுக்கவில்லை. வயிறு முதலில் எழும்பியது, பிறகு விலா. இரண்டு பந்துகள் ஏறி நின்றன. மூன்றாவது அசையவில்லை. அந்தப் பெண் தெலுங்கில் மூன்று வரை எண்ணி முடித்தும் அவை இறங்கவில்லை.

“போதும்மா, விடுங்க. பாஸ்.”

சனிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு நகரிக்குக் காரில் புறப்பட்டோம்.