தஞ்சோங் காராங்கில் பிழைத்தெழுந்த பிரிண்டர் ஹெட்

கோலசிலாங்கூர்ப் பக்கம் ஊரார் மின்மினி பார்க்கப் போவார்கள், நண்டு தின்னப் போவார்கள். நான் செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பிரிண்டரைப் பார்க்கப் போனேன். பேனர் அடிக்கும் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு.

காலை ஏழரைக்குக் கிள்ளானில் காரை எடுத்தேன். தஞ்சோங் காராங் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். காப்பார் தாண்டி, சுங்கை செம்பிலாங் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் ஒன்று வாங்கினேன், விலை மூன்று வெள்ளி. சம்பல் காரம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. இன்னொன்றும் வாங்கினேன். கோலசிலாங்கூர் வரை செம்பனைத் தோட்டங்கள் கூடவே வந்தன. ஆற்றுப் பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் மரங்கள் விலகி, கண்ணுக்கெட்டிய மட்டும் வயலும் வாய்க்காலும்தான்.

ஒன்பது மணிக்குக் கடையை அடைந்தேன். உரிமையாளர் அருளப்பன், கூடவே அவர் மனைவி ரீத்தா. இருவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் மூடிய பிறகு, தொழிற்சாலை வேலையில் சேர்த்ததையெல்லாம் போட்டு இந்தப் பழைய இயந்திரத்தை வாங்கியிருக்கிறார்கள். முன்பு வந்து பார்த்தவர் ஹெட் போய்விட்டது, மாற்று என்று சொல்லிவிட்டார். ஹெட் என்பது மயிரிழையிலும் மெல்லிய துளைகள் வழியாக மை தெளிக்கும் பாகம். உள்ளங்கை அளவுதான், ஆனால் புதிதாக வாங்கினால் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல். அதற்கு இவர்களிடம் வழியில்லை. பழைய இயந்திரங்களை எடைக்கு வாங்குபவர் மாலை நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் நான் சரிசெய்யாவிட்டால் கடையே இல்லை.

போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மகளின் கல்யாண பேனரை மறுநாள் கொடுக்க வேண்டும். சிவப்பு மை வராததால் படம் கெட்டுக் கிடந்தது.

"பாருங்கக்கா, பொண்ணு மொகம் முருங்கக்கீர கணக்கா இருக்கு," என்றார் ரீத்தா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு கோடு விழும் சோதனைத் தாளை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். முதல் தாளில் விடுபட்ட கோடுகள் சில இரண்டாவதில் வந்தன. வந்தவை சில விடுபட்டன. செத்த துளை இப்படி இடம் மாறி விளையாடாது. இது அடைப்பு.

"ஹெட்டு சாவல தம்பி. மை காஞ்சி போயிருக்கு, அவ்ளோதான்."

"நெசமாவாக்கா?" என்றார் அருளப்பன். அவர் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியது.

இயந்திரம் ஓடாத நேரத்தில் ஹெட் வந்து உட்காரும் ரப்பர் மூடி இறுகிப்போயிருந்தது. அதை மாற்றினேன், அறுபது வெள்ளி. மூடியில் கழுவும் திரவத்தை நிரப்பி, ஹெட்டை அதன்மேல் நிறுத்தி ஊறவிட்டேன். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, சொட்டுச் சொட்டாகத் திரவத்தை ஏற்றினேன். வேகமாக அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடும். ஹெட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் நாடாவில் ஒரு சொட்டு பட்டாலும் கதை முடிந்தது. அருளப்பன் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்சு விடுங்க தம்பி, அதனால ஒண்ணும் கெட்டுப் போவாது."

மதியம் ரீத்தா வைத்த மீன் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, மறுபடியும் சோதித்தேன். சிவப்பு முக்கால்வாசி திரும்பியிருந்தது. இன்னொரு முறை திரவம் ஏற்றிவிட்டு, அடுத்த தாளை ஓட்டினேன். அது பாதி ஓடும்போது கடல் பக்கம் இடி உறுமியது. அருளப்பன் பாய்ந்துபோய்ப் பிளக்கில் கை வைத்தார்.

"ஐயோ, என்னா செய்றீங்க!"

"இடி இடிக்குதுக்கா! லயத்துல இப்படித்தான் ரெண்டு டிவி கருகிப்போச்சு. சத்தம் கேட்டாலே எல்லாத்தையும் புடுங்கிருவோம்."

"பிரிண்டு ஓடிக்கிட்டு இருந்தாலுமா?"

"ஓடுனாலுந்தான் லா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கடலோரத்தில் மதிய இடிக்கா பஞ்சம்? ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் ஹெட் மூடிக்குப் போக முடியாமல் நடுவழியில் நின்று, மறுநாள் காலை வரை காய்ந்திருக்கிறது.

"இடிக்குப் பயப்படுங்க, நானும் பயப்படுவேன். ஆனா மொதல்ல நிறுத்துற பட்டன அமுக்குங்க. ஹெட்டு வலது பக்கம் போயி மூடியில ஒக்காரும். அப்புறம் புடுங்குங்க."

அவர் பட்டனை அமுக்கினார். ஹெட் ஆடி அசைந்து போய் உட்கார்ந்தது. பிளக்கைப் பிடுங்கி முடிக்கவும் கண்ணாடி அதிர ஓர் இடி விழுந்தது. ரீத்தா சிலுவை போட்டுக்கொண்டார்.

கொட்டும் மழையில் லோரி வந்து நின்றது. எடைக்கு வாங்குபவர் நனைந்தபடி உள்ளே வந்தார்.

"என்னா அருளு, மழ விட்டதும் ஏத்திரலாமா?"

அருளப்பன் என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தைப் பார்த்தேன். இதுவரை ஒரு முழுத் தாள்கூட நல்லபடியாக வரவில்லை.

"மொதல்ல தேத்தண்ணி குடிங்கண்ணே," என்றார் ரீத்தா.

மழை ஓய்ந்ததும் பிளக்கை மாட்டிச் சோதனைத் தாள் அடித்தேன். நான்கு நிறங்களும் வந்தன, ஒரு கோடுகூட விடுபடவில்லை. வயதை மறந்து கத்திவிட்டேன்! உடனே கல்யாண பேனரை ஓட்டினோம். முக்காடு வந்தது, நெற்றி வந்தது, பிறகு நல்ல ரத்த ஓட்டத்தோடு இரண்டு கன்னங்கள் வந்தன. ரீத்தா அழுதேவிட்டார்.

"மன்னிச்சிருங்கண்ணே, இது விக்கிறதுக்கில்ல," என்றார் அருளப்பன். இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு எதுவும் ஈடாகாது.

மூடி, திரவம், என் கூலி எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளி. கிள்ளானில் என் வாடிக்கையாளர்கள் இரண்டு கோடு விடுபட்டாலே புது ஹெட்டுக்குச் சொல்லிவிடுவார்கள், ஏன் அடைத்தது என்று கேட்கக்கூடப் பொறுமை இருக்காது. அதை எண்ணிக்கொண்டே புறப்பட்டேன். பாலத்தருகே எனக்கு முன்னால் அந்த லோரி போய்க்கொண்டிருந்தது. மெதுவான வண்டி, முந்துவதற்கு இடமும் கிடைத்தது. நான் முந்தவில்லை. ஒன்றும் ஏற்றாத அதன் பின்பக்கத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு, வழியிலுள்ள ஜெராம் ஊர் வரை அதன் பின்னாலேயே போனேன்.