பூவம் எல்லையில் சுட்ட நெற்றி

காரைக்காலுக்கு எல்லை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குப் பெட்ரோல் விலையில்தான் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் பொறையாற்றில் அத்தை வீடு. நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் பூவம். அதற்கப்பால் கோட்டுச்சேரியில் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயதான அந்தக் கொரோனாக் கோடையில் பாலத்தை அடைத்துவிட்டார்கள். அம்மாவின் பிரசவத்துக்காக அத்தை வீட்டில் விடப்பட்டிருந்த நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். தம்பி பிறந்து பன்னிரண்டு நாளாகியும் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒருவழியாக இ-பாஸ் கிடைத்து அப்பா பைக்கில் வந்தார். "காய்ச்ச இருந்தா வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்களாம், பெத்தவங்களக்கூட கிட்ட விட மாட்டாங்களாம்" என்று அத்தை வழியனுப்பிய லட்சணத்தில், பைக்கில் ஏறும்போதே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாலத்தில் நீண்ட வரிசை. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். சீட் தொடையைச் சுட்டது, கம்பி கையைச் சுட்டது. அப்பா முதுகில் சாய்ந்தால் அதுவும் சுட்டது. வெயில் அவரை மட்டும் விட்டுவைக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்ததும் அப்பா என்னை முன்னால் தள்ளினார். "மொதல்ல பிள்ளையப் பாருங்கம்மா." சுகாதாரப் பணியாளரான பெண் துப்பாக்கி மாதிரியான கருவியை என் நெற்றிக்கு நேராக நீட்டினார். அது கத்தியது. நூற்றொன்று. பின்னால் நின்றவர்கள் அவசரமாக விலகினார்கள். சற்றுத் தள்ளி வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

"வெயில்ல நின்னதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று கெஞ்சிய அப்பா, பைக்கில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் தலையில் கவிழ்த்தார். அந்தத் தண்ணீரும் எங்களோடு சேர்ந்து வெயில் காய்ந்ததுதானே! குளிக்கும் பதத்தில் நெற்றியில் வழிந்தது. மறுபடி வைத்துப் பார்த்தார்கள். இன்னும் ஏறியிருந்தது.

"என்னங்க இது, பிள்ளைக்கு வெந்நி ஊத்துறீங்க? செத்த நேரம் பந்தல்ல உக்கார வைங்க, அப்பறம் பாப்போம்" என்றார் அந்தப் பெண்.

பந்தலில் இருபது நிமிடம். அப்பா என் பக்கத்தில் உட்காரவில்லை. தள்ளி நின்று பந்தக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வேன் கதவையே பார்த்தபடி, மாங்கனித் திருவிழாவில் இறைக்கும் மாம்பழத்தில் ஒரு பழம்கூடப் பிடிக்க மாட்டேன், என்னை வீட்டுக்கு விட்டால் போதும் என்று காரைக்கால் அம்மையாரிடம் பேரம் பேசினேன்.

மூன்றாம் முறை தொண்ணூற்றெட்டு. அந்தப் பெண்ணே சிரித்துவிட்டார். வரிசை நெருக்கியது. "போங்க, போங்க, வண்டிய எடுங்க" என்றார்கள். அப்பாவின் நெற்றியில் யாரும் கருவி வைக்கவில்லை.

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார். பைக்கை அணைக்கவில்லை. "உள்ள வாங்க, பிள்ள முழிச்சிக்கிட்டிருக்கான்" என்று அம்மா கூப்பிட்டாள். அப்பா தூரத்திலிருந்தே கையை மட்டும் ஆட்டிவிட்டு, வண்டியைப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். பதினாறு நாள் கழித்துத்தான், பாதி ஆளாகத் திரும்பி வந்தார்.

அன்று எனக்கு எதுவும் தெரியாது. அத்தனை பேருக்கு முன்னால் அப்பாவைக் கெஞ்ச வைத்துவிட்டேன், அந்தக் கோபத்தில்தான் என்னோடு வீட்டுக்குள் வரவில்லை என்று நினைத்து, தம்பியைக்கூடப் போய்ப் பார்க்காமல் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.