ஒரே தளத்தில் எட்டுக் கோள்கள்

நிரந்தர வேலையில்லாத தொண்டர் ஆசிரியைக்குப் பாடம் பயமில்லை, பாடத்துக்குப் பிறகு உயரும் கைதான் பயம். கரும்பலகையின் வெண்கட்டித் தூசி தின்னும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மன்னார்க் கடற்கரையில், கொண்டச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுக்கிறேன். வியாழக்கிழமை ஆசிரிய ஆலோசகர் என் வகுப்பில் வந்து உட்காருவதாக இருந்தது. அவர் படிவத்தில் நல்லதாக எழுதினால் நிரந்தர நியமனம், இல்லாவிட்டால் வீடு. பாடமோ சூரியக் குடும்பம்.

தளம்

செவ்வாய்க்கிழமை கரும்பலகையில், ‘கோள்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுகின்றன’ என்று எழுதினேன். இந்தக் கரையில் தளம் என்றால் கடற்படைத் தளம்தான், வேறு தளத்தை யார் கண்டார்கள்? முன்வாங்கில் இருந்த மீனவர் மகள் றிஸ்வானா எழும்பிக் கேட்டாள்: “டீச்சர், தளத்துக்குள்ள போக அதுகளுக்கு ஆரு பாஸ் குடுத்த?”

ஏன்

ஒரு தட்டின் மேல் ஓடுவதுபோல எல்லாம் ஒரே மட்டத்தில் ஓடுகின்றன என்று சொல்லை மாற்றினேன். அவள் விடவில்லை. மேலும் கீழுமாகச் சுற்றினால் என்ன, ஏன் சுற்றவில்லை என்றாள். எனக்குத் தெரியாது. மணி அடித்துக் காப்பாற்றியது.

ஆலோசகரும் இதையே கேட்டால் என் கதை கந்தல். ஓய்வறையில் கணித ஆசிரியர் நஸீர் சேரிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “பயப்படாதீங்கோ டீச்சர், ஆலோசகருக்கும் தெரியாது.”

பஸ்

நான் பயந்தேன். பின்னேரம் மன்னாரில் பஸ் மாறி ஏறி, போனில் தேடித் தேடி வாசித்தேன். தொடக்கத்தில் வாயுவும் தூசியுமாக ஒரு பெரிய முகில், மெதுவாகச் சுழன்றபடி சுருங்கியதாம். மேலும் கீழுமாக ஓடியவை ஒன்றோடொன்று மோதி அந்த ஓட்டத்தை இழந்தன. சுற்றும் ஓட்டம் மட்டும் மிஞ்சியது. முகில் ரொட்டிபோலத் தட்டையானது. அதற்குள் பிறந்த கோள்கள் இன்றும் ஏறக்குறைய அதே மட்டத்தில் சுற்றுகின்றன.

விளங்கிய சந்தோசத்தில் தலையை நிமிர்த்தினேன். கொண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்: “நீங்கள் இறங்கிற தோட்டவெளி எப்பவோ போயிட்டுது டீச்சர், இப்ப பேசாலை வருது.”

வியாழன்

ஆலோசகர் கடைசி வாங்கில் இருந்தார். அழுத்தி எழுதியதில் வெண்கட்டி இரண்டு தரம் உடைந்தது. றிஸ்வானா கேட்பதற்கு முன்பே, ஏன் என்பதை நானே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் ஆலோசகர் படிவத்தை மடித்தபடி சொன்னார்: “முப்பது வருசமா நானும் இதைப் படிப்பிச்சனான் பிள்ளை, ஏன் எண்டு இண்டைக்குத்தான் எனக்கே விளங்கினது. ஆனா பாடத்திட்டத்தில அந்த ‘ஏன்’ இல்லை, பாடத்திட்டத்துக்கு வெளியால போனதெண்டுதான் நான் எழுதவேணும்.”

நியமனக் கடிதத்துக்காக வீட்டு வாசல் படலையைப் பார்த்துப் பார்த்து, விளங்காமலே படிப்பித்திருக்கலாமோ என்று எண்ணும் நிலைக்கு வந்துவிட்டேன்.